பண்பாட்டைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்

“பெண்களை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் பெண் போதகர் என்பது நம்ம பண்பாட்டுக்கு ஒத்துவராது.” தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் வளர்ந்த யாரும் இந்தப் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. சேகரக் கமிட்டி முடிந்து வாசலில் நிற்கும்போது கேட்கும். திருமண்டலத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வரும்போது கேட்கும். பெண்கள் ஞாயிறு அன்று ஒரு சகோதரி செய்தி கொடுத்துவிட்டுப் பீடத்தைவிட்டு இறங்கிய சற்று நேரத்தில் தவறாமல் கேட்கும். சொல்பவர் பெரும்பாலும் நல்ல மனிதர்தான். மகளைக் கடன் வாங்கிப் படிக்க வைத்தவர். அந்த மகள் இன்று ஓர் அலுவலகத்தில் பலருக்கு மேலதிகாரி என்றால் அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறவர். அதே மகள் அப்பத்தையும் திராட்சரசத்தையும் கையில் எடுத்து ஆசீர்வதிக்கலாமா என்று கேட்டால் மட்டும் முகம் மாறிவிடுகிறது.

அவர் சொல்லும் காரணங்கள் வழக்கமானவை. பெண்ணுக்குக் குருப்பட்டம் என்பது வெள்ளைக்காரன் நாட்டிலிருந்து வந்த சரக்கு. நம் மண்ணுக்கு அந்நியம். வேதமும் அதைத் தடுக்கிறது. பெண்களே அதைக் கேட்கவும் இல்லை. இவை அத்தனையும் தவறு என்பது என் வாதம். தவறு என்பதோடு, இவற்றில் முதலாவது வரலாற்றையே தலைகீழாக நிறுத்துகிறது.

நான் எழுதுவது நாட்டரசன்கோட்டையிலிருந்து. இது கிறிஸ்தவ ஊர் அல்ல. கண்ணாத்தாள் ஊர். கம்பன் அடங்கிய ஊர். கண்ணில் கோளாறு என்றால் எந்தச் சாதிக்காரரும் கண்ணுடைய நாயகி சந்நிதிக்கு வந்து நேர்ந்துகொள்ளும் ஊர். தெய்வம் பெண்ணாக இருப்பதால் பெண்ணுக்கு அதிகாரம் வந்துவிடாது என்பது எனக்குத் தெரியும்; கருவறைக்குள் நின்று தீபம் காட்டுகிறவர் இங்கேயும் ஆண்தான். ஆனால் “பண்பாடு” என்று ஒருவர் சொன்னால், எந்த ஊர்ப் பண்பாடு என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. ஊர்ச் சாமி யார் மேல் இறங்குகிறதோ அவர் சொல்லுக்கு ஊரே கட்டுப்படும் மண் இது. சாமி இறங்கும் உடம்பு ஆணா பெண்ணா என்று அப்போது யாரும் பார்ப்பதில்லை.

வீட்டுக்குள் வந்து பார்த்தாலும் அதே கதை. செட்டியார் கொண்டுவிக்க ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறினால், கணக்குத் தீர்ந்து திரும்ப ஆண்டுகள் ஆகும். அந்தக் காலம் முழுவதும் வீட்டை, வேலையாட்களை, நெல்லை, வட்டியை, பிள்ளைகளின் திருமணப் பேச்சை எல்லாம் நடத்தியவர் ஆச்சி. சொத்துப் பத்திரத்தில் அவர் பெயர் இல்லாமல் இருந்திருக்கலாம். சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் இருந்தது.

பக்கத்துச் சிவகங்கைக்கு இன்னும் தெளிவான சாட்சி இருக்கிறது. 1772இல் காளையார்கோவிலில் மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அவர் மனைவி வேலுநாச்சியார் திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சியில் எட்டு ஆண்டுகள் தங்கிப் படை திரட்டினார். ஹைதர் அலியின் உதவியைப் பெற்றார். 1780இல் சீமையை மீட்டு அரியணையில் அமர்ந்தார். அவரைப் பார்த்து ‘பெண் ஆள்வது நம் வழக்கமில்லை’ என்று சொல்லி ஒதுங்கிய படை எதுவும் இல்லை. மருது சகோதரர்கள் அவருக்காகத்தான் நின்றார்கள்.

அதே 1780இல், சிவகங்கைக்குத் தெற்கே பாளையங்கோட்டையில், தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றின் முக்கியமான ஒரு பட்டியல் எழுதப்பட்டது. திருநெல்வேலிச் சபையின் உறுப்பினர் பதிவேடு. மொத்தம் 40 பெயர்கள். முதல் பெயர் ஒரு பெண்ணுடையது: குளோரிந்தா.

இந்தப் பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்; ஏனென்றால் எதிர்த்தரப்பின் வாதம் முழுவதும் இவர் வாசலில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. தஞ்சாவூர் மராட்டியப் பிராமணக் குடும்பத்து விதவை. கணவன் சிதையில் எரிக்கப்பட இருந்தவரை லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி காப்பாற்றினார். பிறகு அவரோடு வாழ்ந்தார். ஞானஸ்நானம் வேண்டும் என்று மிஷனரி சுவார்ட்ஸிடம் கேட்டபோது, மணமாகாமல் ஓர் ஆணோடு வாழ்பவருக்குத் தர முடியாது என்று சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பிறகு 1778இல் பாளையங்கோட்டையில் அதே சுவார்ட்ஸ் கையால் ஞானஸ்நானம் பெற்றார். அதுவரை அவர் சும்மா காத்திருக்கவில்லை. அக்கம்பக்கத்தாரைக் கூட்டி, கற்றுக்கொடுத்து, ஏழைகளுக்கு உதவி, ஒரு சபையையே உருவாக்கி வைத்திருந்தார். தஞ்சாவூருக்குப் பயணம் போய், எங்கள் ஊருக்கு உபதேசியாரை அனுப்புங்கள் என்று கேட்டவரும் அவர்தான். அவர் முயற்சியில் எழுந்த ஆலயத்தை 1785இல் சுவார்ட்ஸ் வந்து பிரதிஷ்டை செய்தார். சனங்கள் அதற்கு வைத்த பெயர் பாப்பாத்தியம்மாள் கோயில். பின்னாளில் அ. மாதவையா அவரை வைத்து ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார், 1915இல் வெளிவந்தது.

குளோரிந்தா கேட்டதற்கிணங்க தஞ்சையிலிருந்து வந்த உபதேசியார் சத்தியநாதன். நல்ல ஊழியர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. 1790இல் சத்தியநாதனுக்குக் குருப்பட்டம் கிடைத்தது. குளோரிந்தாவுக்குக் கிடைக்கவில்லை. கிடைக்கலாம் என்று யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. சபையைக் கூட்டியவர் ஒருவர். அதற்கு மேய்ப்பர் என்று கைவைத்து அனுப்பப்பட்டவர் வேறொருவர்.

இங்கே ஒரு பதில் வரும் என்று எனக்குத் தெரியும். “பார்த்தீர்களா, பட்டம் இல்லாமலே அந்த அம்மா எவ்வளவு செய்தார்! ஊழியம் செய்யப் பதவி எதற்கு?” கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இதை ஆண்களிடம் யாரும் சொல்வதில்லை. சத்தியநாதனிடம், நீங்கள் உபதேசியாராகவே இருந்து எவ்வளவோ செய்யலாமே என்று சொல்லி நிறுத்தவில்லை. ஏன் பட்டம் கொடுத்தார்கள்? ஞானஸ்நானமும் திருவிருந்தும் வேண்டுமென்றால் பட்டம் பெற்றவர் ஒருவர் வெகுதூரத்திலிருந்து வரும்வரை சபை காத்திருக்க வேண்டியிருந்தது. அது சபைக்குக் கேடு என்று உணர்ந்ததால் கொடுத்தார்கள். அதிகாரம் ஊழியத்துக்குத் தேவை என்பதைத் திருச்சபையே ஒப்புக்கொண்ட செயல் அது. ஆணுக்குத் தேவையானது பெண்ணுக்கு மட்டும் எப்படி ஆடம்பரமாகிவிடும்?

குளோரிந்தா ஏதோ விதிவிலக்கு என்று தள்ளவும் வழியில்லை. பின்வந்த நூற்றாண்டு முழுவதும் தமிழ்நாட்டு ஊர்களில் சுவிசேஷம் வீட்டுக்குள் நுழைந்தது பைபிள் அம்மாக்களின் காலடியில்தான். முகப்புத் திண்ணைவரை வந்த ஆண் உபதேசியார் அதற்குமேல் போக முடியாது. இரண்டாங்கட்டுக்குள் போய், பெண்களோடு தரையில் உட்கார்ந்து, எழுத்தும் வேதமும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள். 1834இல் தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷனில், இவர்களுக்குப் பயிற்சி தரவென்றே ஈவா சுவிஃப்ட் 1892இல் ஒரு பள்ளியைத் தொடங்கினார். மதுரை ரட்சணியபுரத்தில் லூசி பெரி நோபிள் என்ற பெயரோடு அது வளர்ந்தது. இன்றைய மதுரை–இராமநாதபுரம் திருமண்டலத்தின் அடித்தளத்தில் அந்தப் பெண்கள் நடந்த நடையும் இருக்கிறது. எங்கள் மாவட்டமும் அந்தத் திருமண்டலத்தில் அடக்கம்.

இப்போது “மேல்நாட்டுச் சரக்கு” என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது நொடியில் உதிர்ந்துவிடும். ஆங்கிலிக்கன் உலகில் முதல்முதல் குருப்பட்டம் பெற்ற பெண் ஆங்கிலேயர் அல்ல, அமெரிக்கர் அல்ல, சீனர். பெயர் லீ டிம் ஓய். போர்க்காலத்தில் மக்காவ் சபைக்குக் குரு யாரும் போக முடியாத நிலை. அந்தச் சபையை ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருந்த அவருக்கு ஹாங்காங் பேராயர் ரொனால்ட் ஹால் 1944 ஜனவரியில் பட்டம் கொடுத்தார். அதைத் தாங்க முடியாமல் துடித்தது இங்கிலாந்துதான். அங்கிருந்து வந்த நெருக்குதலால் 1946இல் லீ குருப்பணியை விட்டு ஒதுங்க வேண்டியதாயிற்று. ஆசியா கொடுத்ததை மேற்கு பறித்தது என்பதுதான் உண்மைக் கதை.

நம் தென்னிந்தியத் திருச்சபையை எடுத்துக்கொள்ளுங்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் பிறந்த சபை. பெண்களுக்குக் குருப்பட்டம் தரலாம் என்ற முடிவை 1970களிலேயே எடுத்தது. 1980களில் பெண் போதகர்கள் திருவிருந்து நடத்திக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்துத் திருச்சபை தன் முதல் பெண் குருக்களுக்குப் பட்டம் கொடுத்தது 1994இல். நந்தியால் திருமண்டலத்தின் பேராயராக எகோனி புஷ்பலலிதா அபிஷேகம் பெற்றது 2013 செப்டம்பரில். இங்கிலாந்துக்கு முதல் பெண் பேராயர் கிடைத்தது 2015 ஜனவரியில். கேன்டர்பரி பேராயர் பதவிக்கு ஒரு பெண், சாரா முல்லலி, பெயர் சொல்லப்பட்டது 2025 அக்டோபரில்தான். ஆந்திரத்துச் சீமையில் ஒரு தெலுங்குப் பெண்மணி பேராயர் கோலைப் பிடித்தபோது, லண்டனில் அதற்கான சட்டமே நிறைவேறியிருக்கவில்லை. யார் யாரைப் பார்த்துக் காப்பியடித்தார்கள்?

இந்தப் பெருமையை ரொம்பவும் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. 1947இல் பிறந்த சபைக்கு முதல் பெண் பேராயர் கிடைக்க 66 ஆண்டுகள் ஆயின. சபையின் தலைமை மன்றமான சினாட் கதவைத் திறந்தது. உள்ளே விடுவதைத் திருமண்டலங்களின் கையில் விட்டது. அவை ஒரே வேகத்தில் நடக்கவில்லை. சட்டப் புத்தகத்தில் அனுமதி, நடைமுறையில் தயக்கம். அந்தத் தயக்கத்துக்கு முட்டுக்கொடுக்கத்தான் பண்பாடு என்ற சொல் கூப்பிடப்படுகிறது.

அந்தச் சொல்லுக்குத் தமிழ்த் திருச்சபையில் ஒரு பழைய வேலை உண்டு. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று ஆணையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் கொதித்தெழுந்தவர்கள் சொன்னது இதையேதான்: இது எங்கள் நாட்டு வழக்கம், வெள்ளைக்காரருக்குப் புரியாது. நம் கீர்த்தனைகளுக்குத் தந்தை என்று போற்றப்படும் வேதநாயக சாஸ்திரியாரே அந்தப் பக்கம் நின்றார். கத்தோலிக்கரிடமும் அதே கதை. வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயிலில், ஒரே பீடத்தைப் பார்க்க இரண்டு சாதியாருக்கு இரண்டு நடுக்கூடம், நடுவே சுவர். கால்சட்டைக் கோயில் என்றே பெயர் வந்தது. 1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டபோது வழக்குமன்றம்வரை போனார்கள். சுவர் திரும்பி எழவில்லை. அதை இடித்ததால் தமிழ்ப் பண்பாடு அழிந்துபோனது என்று இன்று ஒருவர் மேடையேறிச் சொன்னால் அவரைக் கீழே இறக்கிவிடுவோம். சாதிச் சுவரை எது தாங்கியதோ அதுவே பீடத்தைச் சுற்றியுள்ள வேலியையும் தாங்குகிறது. சாதி விஷயத்தில் தோற்ற வாதம் பெண் விஷயத்தில் மட்டும் ஜெயிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சரி, வேதம்? இங்கேதான் நேர்மையான எதிராளி ஒருவர் இருக்கிறார். அவருக்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில், பெண் உபதேசம் பண்ணவும் ஆணின்மேல் அதிகாரம் செலுத்தவும் கூடாது என்று இருக்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 14ஆம் அதிகாரத்தில் சபையில் பெண்கள் பேசாமலிருக்க வேண்டும் என்று இருக்கிறது. இருக்கிறது, இல்லை என்று நான் மழுப்பப் போவதில்லை.

ஆனால் அதே தீமோத்தேயு அதிகாரத்தில், இந்த வசனத்துக்கு மூன்று வசனம் முன்னால், பெண்கள் பொன்னும் முத்தும் விலையுயர்ந்த உடையும் அணியக் கூடாது என்றும் இருக்கிறது. நம் ஆலயத் திருமணங்களை நினைத்துப் பாருங்கள். காரைக்குடியிலும் மதுரையிலும் நகைக்கடை ஏறி, பட்டுச்சேலை எடுத்து, பூட்டிய நகை கண்ணைப் பறிக்க மணமகள் பீடத்தண்டை வந்து நிற்கிறாள். போதகர் ஆசீர்வதிக்கிறார். யாரும் வசனத்தை எடுத்துக்கொண்டு ஓடி வருவதில்லை. அது அந்தக் காலத்து எபேசு பட்டணத்துக்குச் சொன்னது என்று விளக்கம் தருகிறோம். நல்ல விளக்கம். மூன்று வசனம் தள்ளிப் போனதும் அந்த விளக்கம் ஏன் செத்துவிடுகிறது? நகையே அணியாத பெந்தேகொஸ்து சபையார் இந்த விஷயத்தில் நம்மைவிட நாணயமானவர்கள். அவர்கள் பொன்னையும் விட்டார்கள். நாம் பொன்னை வைத்துக்கொண்டு பெண்ணை மட்டும் விட்டோம். இன்னும் மூன்று வசனம் கீழே போனால், பெண் பிள்ளை பெறுவதால் இரட்சிக்கப்படுவாள் என்று வருகிறது. திருமணமே செய்யாமல் ஆஸ்பத்திரியிலும் பள்ளியிலும் ஆயுளைக் கரைத்த சிஸ்டர்களுக்கு இரட்சிப்பு இல்லை என்று எந்தப் பீடத்திலிருந்தாவது கேட்டிருக்கிறீர்களா? அந்த வசனத்தை யாரும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, எடுத்துக்கொள்ளவும் கூடாது.

கொரிந்தியர் கடிதத்திலும் 14ஆம் அதிகாரத்துக்கு முன் 11ஆம் அதிகாரம் இருக்கிறது. அங்கே பெண்கள் சபையில் ஜெபிக்கிறார்கள், தீர்க்கதரிசனம் சொல்கிறார்கள். அப்படிச் செய்யும்போது முக்காடு போட்டுக்கொள்ள வேண்டும் என்பது மட்டுமே பவுலின் கவலை. வாயே திறக்கக் கூடாதவர்களுக்கு, வாய் திறக்கும்போது தலையை மூடு என்று எதற்குச் சட்டம்? ரோமருக்கு எழுதியபோது கடைசி அதிகாரத்தில் அவர் முதலில் அறிமுகம் செய்து வைப்பது கெங்கிரேயா சபையின் ஊழியரான பெபேயாள் என்ற பெண்ணை. அப்பொல்லோ என்ற பெரிய பிரசங்கியை வீட்டுக்கு அழைத்துப் போய்த் திருத்திச் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் பிரிஸ்கில்லாள். பழைய ஏற்பாட்டில், ஆலயத்தில் கண்டெடுத்த நியாயப்பிரமாணப் புத்தகத்தைப் பற்றி விசாரிக்க யோசியா ராஜா ஆளனுப்பியபோது, பிரதான ஆசாரியன் உட்படப் பெரியவர்கள் எல்லாரும் போய் நின்றது உல்தாள் என்ற பெண்ணின் வாசலில். எரேமியா அப்போது உயிரோடு இருந்தவர்தான். உயிர்த்தெழுந்த செய்தியோ, நான்கு சுவிசேஷங்களிலும் முதலில் பெண்களின் காதில்தான் விழுகிறது; சீடர்களிடம் போய்ச் சொல் என்று மகதலேனா மரியாளை அனுப்பியவர் கர்த்தரே. அவர் அனுப்பிய ஆளை நாம் வாசலில் நிறுத்தி, உனக்கு அதிகாரம் உண்டா என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கத்தோலிக்கரின் வாதம் கொஞ்சம் வேறு. இயேசு தேர்ந்துகொண்ட பன்னிருவரும் ஆண்கள்; ஆகவே பெண்களுக்குக் குருத்துவம் தரத் திருச்சபைக்கே அதிகாரம் இல்லை என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1994இல் எழுதினார். அந்தப் பன்னிருவரும் யூதர்கள், அரமாயிக் பேசியவர்கள், பெரும்பாலும் கலிலேயர்கள். தமிழரான ஒருவருக்குக் குருப்பட்டம் கொடுக்கும்போது, நீ யூதனா என்று யாரும் கேட்பதில்லை. ஆணா என்பதை மட்டும் கேட்பானேன்? புதிய ஏற்பாட்டை மட்டும் வைத்து இந்தக் கேள்விக்கு முடிவாக விடை சொல்ல இயலாது என்று வத்திக்கானின் விவிலிய ஆணையமே 1976இல் கருத்துச் சொல்லியிருந்தது. வாசகர், பீடத்துணைவர் பணிகளை 2021இல் முறைப்படி பெண்களுக்குத் திறந்தார் திருத்தந்தை பிரான்சிஸ். 2025 ஜனவரியில் சிமோனா பிராம்பில்லா என்ற கன்னியரை வத்திக்கானின் துறை ஒன்றுக்குத் தலைவராக்கினார். பெண் திருத்தொண்டர் பற்றிய கேள்வி திறந்தே இருக்கிறது என்றது 2024 அக்டோபர் ஆயர் மாமன்ற ஆவணம். ரோமே இவ்வளவு தூரம் நகர்ந்திருக்கும்போது, நம் பங்குகளில் பலர் ரோமைவிட ரோமராக இருக்கிறார்கள்.

எங்கள் மாவட்டத்துக் கத்தோலிக்கர் ஓரியூருக்குத் திருப்பயணம் போவார்கள். சிவகங்கை மறைமாவட்டத்தின் புனிதத் தலம் அது. 1693 பிப்ரவரி 4 அன்று மிஷனரிக் குரு அருளானந்தர் அங்கே வெட்டப்பட்டார். கதை எல்லாருக்கும் தெரியும்: மறவர் தலைவர் தடியத்தேவர் மனம் மாறி ஞானஸ்நானம் பெற விரும்புகிறார், ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்க வேண்டும் என்கிறார் குரு, விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி மன்னர் சேதுபதியின் உறவுக்காரி, அவள் போய்ச் சொன்னதால் குருவுக்கு மரணம். சொல்லும்போதெல்லாம் அவள்தான் வில்லி. அருளானந்தரின் தியாகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் தன் மனசாட்சிக்காகச் செத்தவர். ஆனால் விலக்கப்பட்ட அந்தப் பெண்கள் எங்கே போனார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று நம் மறைக்கல்வி வகுப்பில் எந்தப் பிள்ளையும் கேட்டதாக நினைவில்லை. அவர்கள் வாழ்க்கையைப் பற்றிய முடிவை எடுத்தவர்கள் இரண்டு ஆண்கள். முடிவு எடுக்கும் இடத்தில் ஒரு பெண் இருந்திருந்தால் அந்தக் கேள்வியாவது எழுந்திருக்கும்.

2018 செப்டம்பரில் கொச்சியில் கன்னியர் ஐவர் தெருவில் உட்கார்ந்தது நினைவிருக்கும். தங்கள் சகோதரி ஒருவர் ஓர் ஆயர்மேல் கொடுத்த புகாருக்கு நியாயம் கேட்டார்கள். விசாரணை நீதிமன்றம் 2022 ஜனவரியில் அந்த ஆயரை விடுவித்தது. தீர்ப்பைப் பற்றி நான் பேசவில்லை. என் கேள்வி அதற்கு முந்தையது: இந்தியாவில் குருக்களைவிடக் கன்னியர் மிக அதிகம். அத்தனை பேருக்கு, தெருவுக்கு வராமலே தங்கள் முறையீட்டைத் தீர்க்கும் அதிகாரமுள்ள ஓர் இடம், பெண்ணும் சமமாக அமர்ந்து தீர்ப்புச் சொல்லும் ஓர் இடம், சபைக்குள் ஏன் இல்லை?

வெளியே சொல்லாத ஒரு காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். தீட்டு. கிறிஸ்தவர்களுக்குத் தீட்டு கிடையாது என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் மாதவிலக்கு நாளில் திருவிருந்துக்குப் போகாமல் பின்வரிசையிலேயே உட்கார்ந்துவிடும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள்; அம்மா சொல்லிக்கொடுத்தது. பெண் பீடத்தில் நின்றால் ‘அந்த நாட்களில்’ என்ன செய்வது என்ற முணுமுணுப்பு ஆண்களிடம் உண்டு. பன்னிரண்டு ஆண்டு இரத்தப்போக்கோடு இருந்த பெண் கூட்டத்துக்குள் நுழைந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டதை மாற்கு எழுதியிருக்கிறார். மோசேயின் சட்டப்படி அந்தத் தொடுகை அவரைத் தீட்டாக்க வேண்டும். அவர் அவளை மகளே என்று அழைத்து அனுப்பினார். அவர் தீட்டாகவில்லை என்றால் அவருடைய மேசையும் ஆகாது.

நடைமுறைத் தொல்லைகள் என்று சில சொல்வார்கள். நடு இரவில் சாவு வீட்டுக்கு ஒரு பெண் தனியாகப் போக முடியுமா? கிராமச் சேகரத்தில் குடியிருக்க முடியுமா? கிராமச் செவிலியர் பிரசவத்துக்கு நள்ளிரவில் போகிறார். தமிழ்நாட்டில் 1992இலிருந்து அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் நடக்கின்றன. உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் வந்து, தலைவர் நாற்காலிகளில் பெண்கள் அமர்ந்திருக்கிறார்கள். சில ஊர்களில் கணவர்தான் கையெழுத்துவரை போடுகிறார் என்பதும் உண்மை. அதற்கு மருந்து அந்தப் பெண்ணைப் பதவியிலிருந்து இறக்குவது அல்ல. இந்து சமய அறநிலையத் துறையின் பயிற்சிப் பள்ளியில் மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சி முடித்து 2023இல் சான்றிதழ் வாங்கினார்கள். ஆகமம் பேசும் இடத்திலேயே காற்று மாறத் தொடங்கிவிட்டது.

கடைசியாக, “பெண்களே கேட்கவில்லையே” என்பது. கேட்கும் இடத்தில் அவர்களை வைத்தால்தானே கேட்பார்கள்? எங்கள் பக்கத்துச் சபைகளில் பிடியரிசி என்று ஒரு வழக்கம். உலைக்கு அரிசி களைவதற்கு முன், அளந்து எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனி டப்பாவில் போடுவார்கள். வீட்டில் அரிசி குறைவாக இருக்கும் நாளிலும் அந்தப் பிடி குறையாது. பிள்ளையின் தட்டில்தான் கொஞ்சம் குறையும். ஞாயிற்றுக்கிழமை அதைத் துணிப்பையில் கொண்டுவந்து ஆலயத்தில் வைத்திருக்கும் பெரிய பாத்திரத்தில் கொட்டுவார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். புழுங்கல், பச்சை, ரேஷன் அரிசி எல்லாம் கலந்து கிடக்கும் அந்தக் குவியலை யாராவது கோழிக்கோ இட்லிக்கோ எடுத்துப் போவார்கள். பணம் சபைக் கணக்கில் சேரும். அந்தக் கணக்கிலிருந்து மதிலுக்கு எவ்வளவு, மைக் செட்டுக்கு எவ்வளவு என்று முடிவு செய்யும் கூட்டத்தில் பெண்கள் சங்கத்தின் சார்பாக ஒருவர், மிஞ்சினால் இருவர் உட்கார்ந்திருப்பார்கள். டீ வந்ததும் எடுத்துக் கொடுக்கச் சொல்வதும் அவர்களைத்தான். அப்படிப்பட்ட கூட்டத்தில், எனக்குக் குருப்பட்டம் வேண்டும் என்று ஒரு பெண் எழுந்து கேட்கவில்லை என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது என்ன நியாயம்?

உண்மையில் கேட்கத்தான் செய்கிறார்கள். மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பெண்கள் ஆண்களோடு ஒரே வகுப்பில், அதே கிரேக்கத்தையும் அதே சபை வரலாற்றையும் படிக்கிறார்கள். படித்து முடிப்பதே ஒரு கோரிக்கைதான். ஆனால் பல இடங்களில் அவர்களுக்குக் கிடைப்பது விடுதிப் பொறுப்பு, பள்ளியில் வேதபாட வகுப்பு, அலுவலகத்தில் ஒரு மேசை. பட்டம் கொடுத்தாலும் தனிச் சேகரம் கொடுக்காமல் ஒரு மூத்த போதகருக்குக் கீழே உதவியாக வைத்துவிடுவார்கள். பிறகு, பெண் போதகர்களுக்கு அனுபவம் போதாது என்பார்கள்.

பெண்கள் வந்துவிட்டால் திருமண்டலத் தேர்தலில் புரளும் பணமும் சாதிக் கணக்கும் மறைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பெண்களும் தவறு செய்வார்கள், கட்சி கட்டுவார்கள், சில ஆண் போதகர்களைப் போலவே வறட்டுப் பிரசங்கமும் செய்வார்கள். அதற்கும் அவர்களுக்கு உரிமை உண்டு. ஓர் ஆண் போதகர் சரியில்லை என்றால் அவரை மாற்றச் சொல்கிறோமே தவிர, இனி ஆண்களே வேண்டாம் என்று தீர்மானம் போடுவதில்லை.

ஆகவே திருமண்டலங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த இடமாறுதல் பட்டியலில் ஒரு பெண் போதகருக்கு ஒரு சேகரத்தை முழுதாகக் கொடுங்கள். கிளைச் சபைகளோடு, ஞானஸ்நானம், திருவிருந்து, திருமணம், அடக்கம், கமிட்டித் தலைமை, காசோலைக் கையெழுத்து எல்லாவற்றோடும் கொடுங்கள். பட்டணத்துச் சேகரமாக மட்டும் பார்த்துக் கொடுக்காதீர்கள். மானாமதுரைக்கும் காளையார்கோவிலுக்கும் இடையில் பஸ் குறைவாக ஓடும் பக்கமாகவே கொடுங்கள். பண்பாட்டுக்கு ஒத்துவருமா என்று அவர் பணிக்காலம் முடிந்து போகும் நாளில் அந்தச் சனங்களையே கேளுங்கள். கமிட்டி ஆண்களை மட்டும் அல்ல, பிடியரிசி கொண்டுவருகிறவர்களையும்.